குழுவைக் கணினி பிரிக்கட்டும்

"நாலு நாலு பேரா சேர்ந்து உட்காருங்க." செயல்திட்டம், வினாடி வினா, அறிவியல் ஆய்வு எதுவானாலும் நம் பள்ளிகளில் ஆசிரியர் முதலில் சொல்வது இதைத்தான். சொல்லிவிட்டு அவர் நாற்காலியில் அமர்ந்துகொள்வார். இரண்டு நிமிடத்தில் வகுப்பு பத்துக் குழுவாகப் பிரிந்துவிடும். அந்தப் பத்துக் குழுவையும் உற்றுப் பார்த்தால் ஊரின் வரைபடம் தெரியும். மேலத்தெரு ஒரு குழு. வடக்குத்தெரு ஒரு குழு. ஒரே பேருந்தில் வரும் பக்கத்து ஊர் ஒரு குழு. காலனிப் பிள்ளைகள் ஒரு குழு. எதிலும் சேராமல் நிற்கும் இரண்டு மூன்று பேரைக் கடைசியில் ஆசிரியர் எங்காவது தள்ளிவிடுவார். அவர்கள் எந்தத் தெருப் பிள்ளைகள் என்று நாம் சொல்லத் தேவையில்லை.

யாரும் யாரையும் ஒதுக்கவில்லை, பிடித்தவர்களோடு சேர்ந்துகொண்டார்கள், இதில் என்ன தவறு என்று கேட்பார்கள். அந்தப் பிடித்தம் எங்கிருந்து வந்தது என்பதுதான் நம் கேள்வி. பால்வாடி வயதிலிருந்து யாரோடு விளையாடலாம், யார் வீட்டில் தண்ணீர் குடிக்கலாம் என்று வீடு சொல்லிக் கொடுத்ததே வகுப்பறையில் 'விருப்பம்' என்ற பெயரில் வெளிப்படுகிறது.

கூடிப் படிப்பதற்கான குழுக்களைப் பிள்ளைகளின் விருப்பத்துக்கோ ஆசிரியரின் விருப்பத்துக்கோ விடக் கூடாது. கணினியைக் கொண்டு பிரிக்க வேண்டும். அந்தக் கணினிக்கு என்ன விதிகளைச் சொல்வது என்பதில் நமக்கும் பங்கு வேண்டும். இதுதான் இந்தக் கட்டுரையில் நாம் வைக்கும் கோரிக்கை.

பக்கத்தில் உட்கார்ந்தால் போதுமா?

2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பன்னிரண்டாம் வகுப்பு படித்த தலித் மாணவர் ஒருவரை, அவர் படித்த பள்ளியின் மாணவர்களே வீடு புகுந்து வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கையும் வெட்டுப்பட்டார். அதன் பிறகு தமிழக அரசு ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துரு தலைமையில் ஒருநபர் குழுவை அமைத்தது. 2024 ஜூனில் அந்தக் குழு அறிக்கை கொடுத்தது. பள்ளிப் பெயர்களில் உள்ள சாதிப் பெயர்களை நீக்க வேண்டும், கையில் வண்ணக் கயிறு கட்டி வரக் கூடாது, வருகைப் பதிவேட்டில் சாதி விவரம் இருக்கக் கூடாது என்பவை அதன் பரிந்துரைகளில் சில. மாணவர்களை அகர வரிசைப்படி உட்கார வைக்க வேண்டும் என்பதும் அவற்றில் ஒன்று.

அகர வரிசை நல்ல தொடக்கம். கடைசி பெஞ்சு யாருக்கு என்பதை எழுத்து முடிவு செய்யட்டும் என்பதில் நியாயம் இருக்கிறது. ஆனால் பக்கத்தில் உட்காருவது வேறு, சேர்ந்து படிப்பது வேறு. ஒரே பெஞ்சில் ஆண்டு முழுக்க உட்கார்ந்தும் ஒருவர் நோட்டை ஒருவர் வாங்காத பிள்ளைகளை நாம் பார்த்திருக்கிறோம்.

அண்ணல் அம்பேத்கர் தம் சிறுவயது நினைவுகளில் எழுதியதை இங்கே எண்ணிப் பார்க்கலாம். பள்ளியில் அவர் மூலையில் தனியாக ஒரு கோணித் துணியில் உட்கார வேண்டும். அந்தக் கோணியைப் பள்ளியைக் கூட்டும் வேலையாள்கூடத் தொடமாட்டார். அதனால் மாலையில் வீட்டுக்கு எடுத்துப் போய் மறுநாள் கொண்டு வர வேண்டும். தாகம் எடுத்தால் பியூன் வந்து குழாயைத் திறந்துவிட வேண்டும். பியூன் இல்லையென்றால் தண்ணீர் இல்லை. வகுப்பறை ஒன்றுதான், பாடமும் ஒன்றுதான். பள்ளியில் இடம் கிடைத்தது, கூட இருக்க இடம் கிடைக்கவில்லை. இன்று கோணி போய்விட்டது. குழு பிரிக்கும்போது மட்டும் அது கண்ணுக்குத் தெரியாமல் விரிக்கப்படுகிறது.

ஆஸ்டின் நகரம் கற்றுத்தந்தது

அமெரிக்காவில் கறுப்பினப் பிள்ளைகளுக்குத் தனிப் பள்ளி நடத்துவது சட்டவிரோதம் என்று 1954இல் அந்த நாட்டின் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பல ஊர்களில் அது நடைமுறைக்கு வரவே பல ஆண்டுகள் ஆயின. டெக்சாஸ் மாநிலத்தின் ஆஸ்டின் நகரில் 1971இல் வெள்ளை, கறுப்பு, மெக்சிகோ வம்சாவளிப் பிள்ளைகள் ஒரே வகுப்புக்கு வந்தபோது சண்டை வெடித்தது. எலியட் ஆரன்சன் என்ற உளவியல் பேராசிரியரின் உதவியைப் பள்ளி நிர்வாகம் நாடியது.

அவர் வகுப்புகளில் போய் உட்கார்ந்து பார்த்தார். ஆசிரியர் கேள்வி கேட்கிறார், தெரிந்தவர்கள் கை தூக்குகிறார்கள், ஒருவர் பதில் சொன்னால் மற்றவர்கள் முகம் சுண்டிப் போகிறது. ஒருவர் தோற்றால்தான் இன்னொருவர் ஜெயிக்க முடியும் என்ற போட்டிதான் பகையை வளர்க்கிறது என்று அவர் கண்டார். அதற்கு மாற்றாக அவர் கொண்டுவந்த முறைக்கு, வெட்டிய படத்துண்டுகளைச் சேர்க்கும் விளையாட்டின் பெயரான 'ஜிக்சா' என்ற பெயர் நிலைத்தது.

நம் ஊர்ப் பாடம் ஒன்றைக் கொண்டு அதை விளக்கலாம். இரட்டைமலை சீனிவாசன் வாழ்க்கை வரலாறு பாடம் என்று வைத்துக்கொள்வோம். நான்கு பேர் கொண்ட குழுவில் ஒருவருக்கு 1893இல் அவர் 'பறையன்' இதழ் தொடங்கிய பகுதி. இன்னொருவருக்குத் தென்னாப்பிரிக்க வாழ்க்கை. மூன்றாமவருக்குச் சென்னை மாகாணச் சட்டமன்றப் பணி. நான்காமவருக்கு 1930இல் லண்டன் வட்டமேசை மாநாட்டுக்கு அம்பேத்கரோடு போன பகுதி. அவரவருக்கு அவரவர் பகுதி மட்டும்தான் கொடுக்கப்படும். எல்லாக் குழுவிலும் வட்டமேசை மாநாட்டுப் பகுதியை வைத்திருப்பவர்கள் முதலில் தனியாகக் கூடிப் பேசித் தெளிவடைவார்கள். பிறகு தங்கள் குழுவுக்குத் திரும்பி மற்ற மூன்று பேருக்கும் சொல்லிக் கொடுப்பார்கள். தேர்வு எழுதுவது முழுப் பாடத்துக்கும்.

இதில் நடப்பதைக் கவனியுங்கள். தட்டுத் தடுமாறிப் படிக்கும் பிள்ளையிடம் உள்ள துண்டு மற்ற மூவருக்கும் தேவை. அவனைக் கேலி செய்தால் நட்டம் கேலி செய்பவனுக்குத்தான். எனவே அவனிடம் கேள்வி கேட்டு, எடுத்துக் கொடுத்து, பேச வைப்பார்கள். ஆரன்சன் குழுவினரின் ஆய்வில் ஒதுக்கப்பட்ட இனப் பிள்ளைகளின் மதிப்பெண் உயர்ந்தது. வெள்ளைப் பிள்ளைகளின் மதிப்பெண் குறையவில்லை.

அந்தக் குழுக்களைப் பிள்ளைகள் தாங்களாக அமைக்கவில்லை. எல்லா இனமும், ஆணும் பெண்ணும், நன்றாகப் படிப்பவரும் திணறுபவரும் கலக்கும்படி திட்டமிட்டே அமைத்தார்கள். கோர்டன் ஆல்போர்ட் என்ற அறிஞர் 1954இல் வெளியிட்ட நூலில் முன்பே இதைச் சொல்லியிருந்தார். வெவ்வேறு பிரிவினர் ஒன்றாக இருந்தால் மட்டும் வெறுப்பு குறையாது. அவர்களுக்குச் சம மதிப்பு வேண்டும், பொதுவான இலக்கு வேண்டும், சேர்ந்து செய்யும் வேலை வேண்டும், மேலிருப்பவர்களின் ஆதரவும் வேண்டும்.

ஏன் கணினி?

ஆசிரியரே கலந்து பிரித்தால் போதாதா? மனசாட்சியுள்ள ஆசிரியர்கள் பலர் அப்படித்தான் செய்கிறார்கள். ஆனால் அவர்கள் படும் பாடு நமக்குத் தெரியும். "எம் புள்ளைய எதுக்கு சார் அவனோட சேர்த்தீங்க?" என்று மறுநாள் காலையில் வாசலில் ஆள் வந்து நிற்கும். ஆசிரியர் அதே ஊரில் குடியிருப்பவராக இருந்தால் இன்னும் சிக்கல். தலித் ஆசிரியராக இருந்துவிட்டால் அவருக்கு உள்நோக்கம் கற்பித்துவிடுவார்கள். சாதிப் பற்றுள்ள ஆசிரியராக இருந்தாலோ அவர் எப்படிப் பிரிப்பார் என்பதைச் சொல்லவே வேண்டாம். "கம்ப்யூட்டர் போட்டது, எல்லாருக்கும் ஒரே விதி" என்று சொல்ல முடிவது நேர்மையான ஆசிரியருக்கு ஒரு கவசம், நேர்மையில்லாதவருக்கு ஒரு கடிவாளம்.

இரண்டாவது காரணம் கணக்கு சார்ந்தது. 40 பேர் உள்ள வகுப்பை மதிப்பெண் வரிசையில் நான்கு பத்துகளாகப் பிரித்து, பத்துக்கு ஒருவராக எடுத்தால் நால்வர் கொண்ட 10 குழுக்கள் கிடைக்கும். முதல் பத்து பேருக்கு இரண்டாம் பத்திலிருந்து ஆளுக்கொரு இணை அமைக்க மட்டுமே 36,28,800 வழிகள் உண்டு. மூன்று பையன்களுக்கு நடுவே ஒரு பெண்பிள்ளை தனியாக மாட்டக் கூடாது, போன மாதம் சேர்ந்திருந்தவர்கள் இந்த மாதமும் சேரக் கூடாது என்று நிபந்தனைகளை அடுக்கினால், ஆசிரியர் தாளில் எழுதிப் பார்த்துத் தீராது. கணினிக்கு அது நொடி வேலை.

மூன்றாவது காரணம் நினைவு. யார் யாரோடு சேர்ந்து படித்தார்கள், யார் இன்னும் சேரவில்லை என்பதைக் கணினி மறக்காது. 1850இல் இங்கிலாந்தில் தாமஸ் கிர்க்மன் என்ற பாதிரியார் ஒரு புதிர் போட்டார். 15 மாணவிகள் தினமும் மூன்று மூன்று பேராக நடந்து போகிறார்கள். எந்த இருவரும் இரண்டாம் முறை சேராமல் 7 நாளும் நடக்க வழி உண்டா? உண்டு. ஏழு நாள் முடிவில் ஒவ்வொருவரும் மற்ற 14 பேரோடும் ஒரு முறை சேர்ந்திருப்பார்கள். நம் தெருக்களில் நடக்கும் மாலை நேர வகுப்புகளுக்குப் பதினைந்து பிள்ளைகள் வந்தால், நாளுக்குப் பதில் வாரம் என்று வைத்து இதை அப்படியே செய்யலாம். யாரோடும் பேசாத பிள்ளை என்று ஒன்று மிஞ்சாது.

வெளிநாட்டுப் பொறியியல் கல்லூரிகளில் இது பழைய சங்கதி. 'டீம் மேக்கர்' என்ற மென்பொருள் மாணவர்களிடம் சில கேள்விகள் கேட்டு, ஆசிரியர் கொடுக்கும் விதிப்படி குழு அமைத்துத் தருகிறது. பெண்களையோ சிறுபான்மை இனத்தவரையோ ஒரு குழுவில் தனியாளாக விடாதே என்றும் அதற்குச் சொல்லலாம். பல கல்லூரிகளில் உள்ள 'மூடில்' என்ற இலவச மென்பொருளிலும் தானாகக் குழு பிரிக்கும் வசதி இருக்கிறது. இவை எதுவும் இல்லாவிட்டாலும் எக்செல் போதும். ஒரு பத்தியில் பெயர்கள், பக்கத்துப் பத்தியில் ராண்ட் சூத்திரம், பிறகு அந்த எண்களின்படி வரிசைப்படுத்து. குலுக்கல் முடிந்தது. நம் அரசுப் பள்ளிகளில் உயர் தொழில்நுட்ப ஆய்வகங்கள் வந்துவிட்டன. 2011 முதல் பல ஆண்டுகள் அரசு கொடுத்த இலவச மடிக்கணினிகள் பல வீட்டுப் பரண்களில் இன்னும் இருக்கின்றன. கருவிக்குப் பஞ்சமில்லை.

கணினிக்கு என்ன சொல்லப் போகிறோம்?

கணினிக்குச் சாதி தெரியாது என்று நம்பி உட்கார்ந்துவிடக் கூடாது. அதற்கு எதைச் சொல்கிறோமோ அதைத்தான் அது செய்யும்.

முதல் ஆபத்து மதிப்பெண். ஒரே அளவு மதிப்பெண் எடுப்பவர்களை ஒரே குழுவில் போடு என்று சொல்லிப் பாருங்கள். டியூஷனுக்குப் பணம் கட்ட முடியாத, வீட்டில் படித்தவர் இல்லாத முதல் தலைமுறைப் பிள்ளைகள் அத்தனை பேரும் ஒரு மூலையில் சேர்ந்துவிடுவார்கள். 'மெல்லக் கற்போர்' என்று அதற்கு ஒரு பெயர் வைத்துவிடலாம். சாதி என்ற சொல்லே இல்லாமல் சேரி உருவாகிவிடும். எனவே மதிப்பெண்ணைப் பிரிக்கப் பயன்படுத்தாமல் கலக்கப் பயன்படுத்த வேண்டும். கலந்த குழுவிலும் ஒவ்வொருவரும் தன் முந்தைய மதிப்பெண்ணிலிருந்து எவ்வளவு முன்னேறினார் என்பதையே குழுவின் புள்ளியாகச் சேர்க்கலாம். அமெரிக்காவில் ராபர்ட் ஸ்லாவின் என்ற கல்வியாளர் உருவாக்கிய முறை இது. 30இலிருந்து 42க்கு வந்த பிள்ளை, 95இல் நிற்கும் பிள்ளையைவிடக் குழுவுக்கு அதிகம் கொண்டு வருவான். அவனைச் சுமை என்று யாரும் சொல்ல முடியாது.

இரண்டாம் ஆபத்து தரவு. ஒவ்வொரு மாணவருக்கும் எமிஸ் எண் இருக்கிறது. அதில் சாதிப் பிரிவும் பதிவாகிறது. குழு பிரிக்கும் வேலைக்கு அந்தப் பட்டியலைத் தொடவே கூடாது. முகவரியையும் தொடக் கூடாது. 'காலனி' என்ற சொல்லை அரசு ஆவணங்களிலிருந்து நீக்குவதாக 2025 ஏப்ரலில் முதல்வர் அறிவித்தார். சொல் போனாலும் தெருப் பெயர் இருக்கும், தெருப் பெயர் சாதியைச் சொல்லிவிடும்.

இங்கே ஒரு முடிச்சு விழுகிறது. சாதியைச் சொல்லாவிட்டால் நான்கு பேர் குழுவில் ஒரு தலித் பிள்ளை தன்னந்தனியாக மூன்று பேரிடம் மாட்டிக்கொள்ளாதா? மாட்டிக்கொள்ளலாம். அப்படி மாட்டிக்கொண்டால் கூடிப் படித்தலே அவனுக்குத் தினசரித் தண்டனை ஆகிவிடும். சாதியைச் சொன்னாலோ பட்டியல் வெளியே கசிந்து, யார் எந்தச் சாதி என்று வகுப்புக்கே தெரிந்துவிடும்.

முடிச்சை அவிழ்க்க ஒரு வழி உண்டு. ஒவ்வொரு மாணவரும் தனக்குத் தைரியம் தரக்கூடிய ஐந்து வகுப்புத் தோழர்களின் பெயரை ரகசியமாகக் கணினியில் பதியட்டும். அந்த ஐந்து பேரில் ஒருவராவது குழுவில் இருக்க வேண்டும் என்பது விதி. இரண்டு பேருக்கு மேல் இருக்கக் கூடாது என்பது அடுத்த விதி. சாதி கேட்காமலே தனிமை தவிர்க்கப்படும், பழைய கூட்டமும் அப்படியே திரும்பி வராது. வகுப்புத் தோழர்கள் யார் யாரை விரும்புகிறார்கள் என்று கேட்டு வரைபடம் போடும் முறையை ஜேக்கப் மொரேனோ 1930களிலேயே உருவாக்கினார். அதை நாம் கணினியில் செய்கிறோம். யாருடைய பெயரையும் எவரும் பதியவில்லை என்றால், அந்தப் பிள்ளைமீது அக்கறை தேவை என்று ஆசிரியருக்குத் தெரியவரும். அந்தத் தகவல் ஆசிரியரைத் தாண்டிப் போகக் கூடாது.

மூன்றாம் ஆபத்து கைவரிசை. ராண்ட் சூத்திரம் ஒவ்வொரு தொடுகைக்கும் புதிய எண் போடும். பிடித்த குழு வரும்வரை தட்டிக்கொண்டே இருக்கலாம். ஆகவே விதிகளை முதலில் கரும்பலகையில் எழுதி, மாணவர்கள் கண் முன்னால் குலுக்கி, விதிகளுக்குப் பொருந்தி வரும் முதல் பட்டியலையே ஏற்க வேண்டும். இது எழுதப்பட்ட நடைமுறையாக இருக்க வேண்டும்.

மவுஸ் யார் கையில்?

குழு கலந்துவிட்டது. வேலை எப்படிப் பங்கிடப்படுகிறது? சார்ட் வாங்கி வா, மேசையைத் துடை, தண்ணீர் கொண்டு வா என்பதெல்லாம் ஒருவருக்கு. மேடையேறிப் பேசுவதும் ஆசிரியரிடம் பாராட்டு வாங்குவதும் இன்னொருவருக்கு. தலித் பிள்ளைகளைக் கழிப்பறை கழுவச் சொன்ன பள்ளிகளைப் பற்றிச் செய்திகள் வந்த மாநிலம் இது. குழுவுக்குள்ளும் அந்தப் புத்தி நுழையும்.

கணினி ஆய்வகத்தில் இது இன்னும் வெளிப்படை. ஒரு கணினிக்கு மூன்று பேர் என்றால் மவுஸைப் பிடித்திருப்பவர் ஒருவர், எட்டிப் பார்ப்பவர் இருவர். 1999இல் டெல்லி கால்காஜியில் சுகதா மித்ரா ஒரு சுவரில் கணினியைப் பதித்து வைத்தார். குடிசைப் பகுதிப் பிள்ளைகள் ஆசிரியர் இல்லாமலே கூட்டாகக் கற்றார்கள் என்று அது உலகமெங்கும் பேசப்பட்டது. அதே முறையில் வைத்த கணினிகளைப் பெரிய பையன்கள் பிடித்துக்கொண்டார்கள், சிறுமிகளுக்கு இடம் கிடைக்கவில்லை என்ற விமர்சனமும் வந்தது. சும்மா விட்டால் பலசாலிக்குத்தான் கிடைக்கும்.

எனவே குழுவைப் போலவே பொறுப்பையும் கணினி சுழற்ற வேண்டும். இந்த வாரம் தலைவர், அடுத்த வாரம் எழுதுபவர், அதற்கடுத்து கேள்வி கேட்பவர், பிறகு வகுப்பின் முன் பேசுபவர். பத்து நிமிடத்துக்கு ஒரு முறை மவுஸ் கை மாற வேண்டும். கூட்டிப் பெருக்கும் வேலை இருந்தால் அதுவும் எல்லோருக்கும் முறைப்படி வர வேண்டும்.

சில எதிர்க் கேள்விகள்

சீட்டுக் குலுக்கிப் போட்டால் போதாதா? கணினி இல்லாத இடத்தில் தாராளமாகச் செய்யலாம். ஒன்றுமே செய்யாததைவிட அது நூறு மடங்கு மேல். ஆனால் சீட்டுக்குத் தனிமை தெரியாது, போன மாதக் கணக்கும் தெரியாது.

பிஞ்சு மனதில் சாதி இல்லை, நாமே நினைவூட்டலாமா? கையில் கட்டும் கயிற்றின் நிறத்தை ஆறாம் வகுப்புப் பிள்ளை பிழையில்லாமல் பிரித்துச் சொல்கிறது. அந்தப் பிள்ளைக்கு நாம் நினைவூட்ட எதுவும் பாக்கியில்லை.

நன்றாகப் படிக்கும் பிள்ளை பாதிக்கப்படாதா? இன்னொருவருக்குச் சொல்லிக் கொடுக்கும்போதுதான் தனக்கு எது தெரியவில்லை என்பது தெரியும். நம் மாநிலத்தில் 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கிப் பிறகு எங்கும் பரவிய செயல்வழிக் கற்றலில், பிள்ளைகள் எடுக்கும் அட்டையைப் பொறுத்துத்தான் குழுவே மாறியது. பெஞ்சு போய்ப் பாய் வந்தது. சக மாணவர் உதவியோடு படிப்பதற்கென்றே அதில் குழு இருந்தது. நாம் கேட்பது முன்பின் அறியாத புதுமை அன்று.

நாம் செய்ய வேண்டியது

கல்வி உரிமைச் சட்டம் 2009இன்படி அரசுப் பள்ளிகளின் மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோர் இருக்க வேண்டும். பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும். நலிந்த பிரிவுப் பெற்றோருக்கு உரிய விகிதத்தில் இடம் தர வேண்டும். கையெழுத்துப் போட்டுவிட்டு டீ குடித்துவிட்டு வரும் கூட்டமாக அதை விட்டுவிட்டோம். அடுத்த கூட்டத்தில் நம் பெண்கள் எழுந்து நான்கு கேள்விகள் கேட்க வேண்டும். எங்கள் பிள்ளைகளின் குழுவை யார் பிரிக்கிறார்கள்? எந்த விதிப்படி? எத்தனை வாரத்துக்கு ஒரு முறை மாறுகிறது? இந்த ஆண்டு எங்கள் பிள்ளை எத்தனை முறை தலைவராக இருந்தது? பதிலைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்ல வேண்டும்.

படித்து முடித்துக் கணினி தெரிந்து ஊரில் இருக்கும் இளைஞர்கள் ஒரு பள்ளிக்கு ஒரு நாள் கொடுங்கள். குழு பிரிக்கும் ஒரு எக்செல் தாளைத் தமிழில் தயாரித்து ஆசிரியரிடம் கொடுங்கள். ஒரு முறை செய்து காட்டினால் அவர் பிடித்துக்கொள்வார். அரசு நினைத்தால் இதை எல்லாப் பள்ளிக்கும் ஒரே செயலியாகச் செய்து கொடுக்க முடியும். சாதிப் பத்தி அதில் எட்டிப் பார்க்காமல் இருப்பதைச் சட்டம் உறுதி செய்ய வேண்டும்.

மாணவர்களுக்கு ஒரு வார்த்தை. கணினி உங்களை யாரோ தெரியாத மூன்று பேரோடு சேர்க்கும். முதல் வாரம் சங்கடமாகத்தான் இருக்கும். உங்கள் பகுதியை நன்றாகப் படித்துவிட்டுப் போங்கள். அந்தத் துண்டு உங்களிடம் மட்டும்தான் இருக்கிறது, அதைக் கேட்க அவர்கள் உங்கள் பக்கம் திரும்பித்தான் ஆக வேண்டும். அவர்கள் சொல்வதையும் அதே கவனத்தோடு கேளுங்கள். நாளை தேர்வு அறைக்குள் நான்கு பேரும் தனித்தனியாகத்தான் போவீர்கள். அன்று மற்ற மூவரின் குரலும் உங்கள் காதில் ஒலிக்கும் என்றால், சாதி உங்களுக்கு மறுத்த ஒன்றை உங்கள் வகுப்பறை கொடுத்துவிட்டது என்று பொருள்.